ஸ்டாண்ட்பை என்னும் பூனை

வால்வு கிட்டார் ஆம்ப்பில் பவர் சுவிட்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது சுவிட்ச்சைக் கழற்றி எறிய வேண்டும் என்பது என் கட்சி. ஸ்டாண்ட்பை என்று எழுதியிருக்கும் அந்தச் சுவிட்ச், கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் வால்வுகளுக்கு எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. சில ஆம்ப்களில் அது உள்ளே இருக்கும் பாகத்தைக் கெடுக்கிறது. வேறு சிலவற்றில், மூடியைக் கழற்றும் ஆளின் கைக்குக் குறிவைத்துக் காத்திருக்கிறது. பத்து வருஷமாக ஜாம் ரூம்களில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

சடங்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதிதாக ஒரு பையன் ஆம்ப் பக்கம் போனால் போதும், பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "தம்பி, மொதல்ல பவர் மட்டும் போடு. ஒரு நிமிஷம் விடு, டியூப் சூடாகட்டும். அப்புறம்தான் ஸ்டாண்ட்பைய தட்டணும். நிறுத்தும்போது மொதல்ல ஸ்டாண்ட்பை, அப்புறம் பவர்." ஏன் அண்ணே என்று கேட்டால், "இல்லன்னா டியூப் போயிடும்டா." எப்படிப் போகும் என்று கேட்டால் பாதிப் பேர் முறைப்பார்கள். மீதிப் பேர், "கேத்தோடு உரிஞ்சிடும்" என்பார்கள். யாரோ அவர்களுக்குச் சொன்னதை அவர்கள் நமக்குச் சொல்கிறார்கள். சொன்னவருக்கு யார் சொன்னார்கள் என்று போனால் அந்தத் தொடர் எங்கேயும் முடிவதில்லை.

எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களுக்கு இரண்டு நிமிஷம். வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குடுவை. நடுவில் ஒரு மெல்லிய நிக்கல் குழாய். அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்ஸைடு பூச்சு. இதுதான் கேத்தோடு. குழாய்க்குள் ஓடும் ஹீட்டர் கம்பி அதைச் சூடாக்கும். சூடானால் பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். வெளியே சுற்றியிருக்கும் பிளேட்டில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், அது எலெக்ட்ரான்களை இழுக்கும். கிட்டாரிலிருந்து வரும் சின்ன சிக்னல், நடுவில் இருக்கும் கிரிட் வழியாக இந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். நமக்குக் கேட்கும் சத்தமெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

ஆக, வால்வுக்கு இரண்டு கரண்ட் வேண்டும். ஹீட்டருக்குப் பெரும்பாலும் 6.3 வோல்ட். பிளேட்டுக்கு 300, 400, 450 வோல்ட். பவர் சுவிட்ச் இரண்டையும் போடும். ஸ்டாண்ட்பை, ஹீட்டரை மட்டும் விட்டுவிட்டு உயர் வோல்டேஜைத் தடுத்து வைக்கும். ஆறிக் கிடக்கும் கேத்தோடின் மேல் உயர் வோல்டேஜ் வந்தால் அந்தப் பூச்சு பிய்த்துக்கொண்டு போய்விடும் என்பதுதான் பயம்.

இந்தப் பயம் வந்த இடம் வேறு. பல ஆயிரம் வோல்ட்டில் ஓடும் ஒலிபரப்பு நிலைய வால்வுகளின் உலகம் அது. அங்கே வால்வைச் சூடாக்கிவிட்டுத்தான் உயர் வோல்டேஜைப் போட வேண்டும் என்பது நியாயமான விதி. பாதரச ஆவி ரெக்டிஃபையர் வால்வுகளுக்கும் அப்படித்தான். ஆனால் அந்த விதியை அப்படியே தூக்கி வந்து கையில் எடுத்துப் போகும் ஆம்ப்பின் மேல் ஒட்டுவது, லாரிக்கு உள்ள சட்டத்தைச் சைக்கிளுக்குப் போடுவது மாதிரி.

வால்வைச் செய்தவர்களே என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். ஃபிலிப்ஸ், முல்லார்ட் வெளியிட்ட டேட்டாஷீட்களில் பிளேட் வோல்டேஜுக்கு இரண்டு உச்ச வரம்புகள் இருக்கும். ஒன்று, வால்வு வேலை செய்யும்போது. இன்னொன்று, வால்வில் கரண்டே ஓடாதபோது, அதாவது ஆறிக் கிடக்கும்போதும் பொருந்துவது. ஈசிசி83 வால்வுக்கு முதல் வரம்பு 300 வோல்ட், இரண்டாவது 550. ஈஎல்84க்கும் அதே 300, 550. ஈஎல்34க்கு முதல் வரம்பு 800, இரண்டாவது 2000 வோல்ட். ஆறிய வால்வு, ஓடும் வால்வைவிட அதிக வோல்டேஜைத் தாங்கும் என்று அதைத் தயாரித்தவனே அச்சடித்துக் கொடுத்திருக்கிறான். சடங்கு சொல்வது இதற்கு நேர் எதிர். யாரை நம்புவது? வால்வைச் செய்தவனையா, ஜாம் ரூம் அண்ணனையா?

டேட்டாஷீட் பிடிக்காதவர்களுக்கு வீட்டு உதாரணம். உங்கள் தாத்தா காலத்து வால்வு ரேடியோவை நினைத்துப் பாருங்கள். குமிழைத் திருகினால் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது, பிறகு மெல்லச் சத்தம் எழும். அதில் ஸ்டாண்ட்பை எங்கே இருந்தது? உலகம் முழுக்க வால்வு ரேடியோ, வால்வு டிவி, ரெக்கார்ட் பிளேயர் எல்லாம் ஒரே சுவிட்ச்சோடு வருஷக்கணக்கில் ஓடின. அவற்றில் இருந்ததும் இதே குடும்பத்து வால்வுகள்தான். அவ்வளவு ஏன், ஃபெண்டரின் சேம்ப், பிரின்ஸ்டன் ஆம்ப்களிலேயே ஸ்டாண்ட்பை கிடையாது. ஸ்டாண்ட்பை இல்லாவிட்டால் கேத்தோடு உரியும் என்பது உண்மையானால், அந்த ஆம்ப்களெல்லாம் என்றைக்கோ குப்பைக்குப் போயிருக்க வேண்டும். இன்றைக்கு அவற்றுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

உண்மையில் கேத்தோடுக்கு ஆகாத ஒன்று இருக்கிறது. அது ஸ்டாண்ட்பைக்குச் சாதகமானது அல்ல. கேத்தோடு சூடாக இருக்கிறது, ஆனால் கரண்ட் ஓடவில்லை என்றால், நாளடைவில் நிக்கலுக்கும் பூச்சுக்கும் நடுவில் ஒரு தடுப்புப் படலம் வளரும். நிக்கலில் கலந்திருக்கும் சிலிக்கான்தான் காரணம். படலம் தடிக்கத் தடிக்க வால்வின் பலம் குறையும். வால்வுக் கணினிகளில் மணிக்கணக்காகக் கரண்ட் ஓடாமல் வெறுமனே சூடாக இருந்த வால்வுகள் இப்படித்தான் சுருண்டன. எம்ஐடியின் வேர்ல்விண்ட் கணினியைக் கட்டியவர்கள் இந்தச் சிலிக்கானைக் கண்டுபிடித்த பிறகு, அந்தக் கணினிக்கென்றே சில்வேனியா நிறுவனம் 7ஏகே7 என்ற வால்வைச் செய்தது. இப்போது யோசியுங்கள். ஹீட்டர் சூடு, கரண்ட் இல்லை. இதைத்தானே நாம் ஸ்டாண்ட்பை என்கிறோம்? ஒரு கச்சேரி இடைவேளையில் எதுவும் ஆகிவிடாது, இந்தப் படலம் வளர நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆகும். ஆனால் வால்வைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, அதற்குக் கொஞ்சமாவது கெடுதல் தரும் ஒரே நிலையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதைக் கவனியுங்கள்.

பிறகு ஏன் இந்தச் சுவிட்ச் வந்தது? இதற்கு நம் வீடுகளில் ஒரு கதை உண்டு. திவசம் நடக்கும்போது வீட்டுப் பூனை குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது என்று அப்பா அதைக் கூடைக்குள் கவிழ்த்து வைத்தார். அதைப் பார்த்து வளர்ந்த மகன், அப்பாவின் திவசத்தன்று, கூடையைத் தூக்கிக்கொண்டு பூனைக்காகத் தெருத்தெருவாக அலைந்தான். வீட்டில் பூனையே இல்லை. ஆனாலும் பூனையைக் கவிழ்க்காமல் திவசம் எப்படி?

இங்கே அப்பா லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் ஊரில் 1938இல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது, ஆனால் கணக்குத் தெரிந்த மனிதர். 1950களில் அவருடைய பெரிய ஆம்ப்களில் ஸ்டாண்ட்பை வந்தது. பொறியாளர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம் கெப்பாசிட்டர் பற்றியது. ஆம்ப்பைப் போட்டதும் வால்வுகள் சூடாகும்வரை கரண்டை இழுக்க யாரும் இல்லை. அந்தச் சில விநாடிகளில் உயர் வோல்டேஜ் தன் உச்சத்துக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் 325 வோல்ட் ஏசி தந்தால், இழுக்க ஆள் இல்லாதபோது 1.414 மடங்கு, அதாவது 460 வோல்ட் டிசி வரை ஏறும். வால்வுகள் கரண்ட் எடுக்க ஆரம்பித்த பிறகு கீழே இறங்கும். அந்தக் கால கெப்பாசிட்டர்களுக்கு அந்த உச்சம் சங்கடம், அதிக வோல்ட் தாங்குபவை விலையும் கூட. ஒரு சுவிட்ச் மலிவு. அப்படியென்றால் அது காப்பாற்றியது வால்வை இல்லை, கெப்பாசிட்டரை. வால்வு ஆம்ப்களின் பவர் சப்ளை பற்றித் தனிப் புத்தகமே எழுதிய மெர்லின் பிளென்கோவ் போன்றவர்கள், வால்வுக்காக இந்தச் சுவிட்ச் தேவையில்லை என்று பல வருஷமாக எழுதிவருகிறார்கள்.

மகன் லண்டனில் இருந்தார். ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவரோடு இருந்த கென் பிரான், டட்லி கிரேவன் இருவரும் 1960களின் தொடக்கத்தில் ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ ஆம்ப்பைப் பார்த்து ஜேடிஎம்45 செய்தார்கள். சர்க்யூட் கிட்டத்தட்ட அப்படியே வந்தது, ஸ்டாண்ட்பையும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு ஆம்ப்களிலும் ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வு ஜிஇசட்34. அதற்கும் தனிக் கேத்தோடு உண்டு, அதுவும் சூடாகித்தான் வேலையை ஆரம்பிக்கும். மற்ற வால்வுகள் சூடாகும் நேரத்துக்கு உயர் வோல்டேஜும் மெதுவாக ஏறும். எந்த வேலைக்காக ஸ்டாண்ட்பை வைத்தோம் என்கிறார்களோ அதை ரெக்டிஃபையரே சும்மா செய்துகொண்டிருந்தது! பிறகு மார்ஷல் சிலிக்கான் டயோடுக்கு மாறினார்கள், கெப்பாசிட்டர்களும் மாறின. சுவிட்ச் மட்டும் போகவில்லை. இன்றைக்கு 5 வாட் ஆம்ப்பில்கூட ஸ்டாண்ட்பை வைத்து விற்கிறார்கள், அது இல்லாவிட்டால் வாங்குகிறவர் சந்தேகப்படுவார் என்பதால். பூனை பிடித்தாகிவிட்டது.

தேவையில்லாத ஒரு சுவிட்ச்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நீங்கள் கேட்கலாம். விட்டிருப்பேன், அது சும்மா இருந்திருந்தால். அதை எங்கே வைத்தாலும் யாராவது ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

உயர் வோல்டேஜ் போகும் பாதை இப்படி: டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், முதல் பெரிய கெப்பாசிட்டர், பிறகு வால்வுகள். முதல் கெப்பாசிட்டர் ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி, விட்டு விட்டு வருவதைச் சேர்த்து வைத்துச் சீராகக் கொடுக்கும். ஸ்டாண்ட்பையை இந்தத் தொட்டிக்கு முன்னால் வைத்தால் என்ன ஆகும்? நீங்கள் ஒரு நிமிஷம் காத்திருக்கும்போது ரெக்டிஃபையர் வால்வு நன்றாகச் சூடாகித் தயாராக நிற்கும். தொட்டி காலி. சுவிட்ச்சைத் தட்டியதும் காலித் தொட்டி ஷார்ட் சர்க்யூட் மாதிரி கரண்டை இழுக்கும். மெதுவாகச் சூடாகி மெதுவாக நிரப்ப வேண்டிய ரெக்டிஃபையர், ஒரே அடியில் முழுப் பாரத்தையும் வாங்கும். ஜிஇசட்34க்கு முதல் கெப்பாசிட்டர் 60 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் போகக்கூடாது என்று டேட்டாஷீட் வரம்பு வைத்திருப்பதே இந்த மாதிரிப் பாய்ச்சலுக்குப் பயந்துதான். நல்ல பழைய வால்வு தாங்கும். இன்றைக்கு வரும் புதிய வால்வுகளில் சில, உள்ளே பளிச்சென்று ஒரு பொறி, அதோடு ஃபியூஸ், முடிந்தது. என் மேஜைக்கு வந்த செத்த ரெக்டிஃபையர்களில் பலவற்றைச் சடங்கை ஒழுங்காகச் செய்தவர்கள்தான் கொண்டுவந்தார்கள். "நான் கரெக்டா வெயிட் பண்ணித்தான் போடுவேன் ப்ரோ" என்று சொல்லிக்கொண்டே.

சரி, தொட்டிக்குப் பின்னால் வைப்போம். பல ஆம்ப்களில் அப்படித்தான் இருக்கிறது. ரெக்டிஃபையர் பிழைத்தது. ஆனால் ஸ்டாண்ட்பையில் இருக்கும் நேரமெல்லாம் முதல் கெப்பாசிட்டர் அந்த 460 வோல்ட் உச்சத்திலேயே உட்கார்ந்திருக்கும். லியோ பயந்த அதே உச்சம், இப்போது சில விநாடிகள் அல்ல, இடைவேளை முழுக்க. அதோடு சுவிட்ச்சும் பாவம். சாதாரண டாகிள் சுவிட்ச்சின் மேல் 250 வோல்ட் ஏசி என்றுதான் எழுதியிருக்கும். ஏசி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்ச்சில் கிளம்பும் பொறி தானாக அணையும். டிசிக்குப் பூஜ்யமே கிடையாது. 400 வோல்ட்டுக்கு மேல் டிசியை அந்தச் சுவிட்ச்சில் வெட்டுவது, அதைச் செய்தவன் சொன்ன எல்லையைத் தாண்டுவது.

இதெல்லாம் காசு நஷ்டம். உயிர் விஷயம் நிறுத்தும்போது வருகிறது. "நிறுத்தும்போது மொதல்ல ஸ்டாண்ட்பை, அப்புறம் பவர்." தொட்டிக்குப் பின்னால் சுவிட்ச் இருக்கும் ஆம்ப்பில் இதைச் செய்தால், முதல் கெப்பாசிட்டரை வால்வுகளிடமிருந்து துண்டித்துவிட்டுப் பிறகு மின்சாரத்தை நிறுத்துகிறீர்கள். உள்ளே இருக்கும் சார்ஜ் எங்கே போகும்? ரெக்டிஃபையர் அதைத் திரும்பிப் போக விடாது. வால்வுப் பக்கம் கதவை நீங்களே சாத்திவிட்டீர்கள். வடியவிடும் பிளீடர் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் அது அப்படியே நிற்கும், மணிக்கணக்கில். 50 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் என்றால் சுமார் 5 ஜூல். 100 வாட் ஆம்ப்பில் இன்னும் அதிகம். பிளக்கைப் பிடுங்கியாச்சு, லைட் அணைந்தாச்சு, ஆறியும் போச்சு என்று நம்பி ஒரு பையன் கையை உள்ளே விடுவான். கையிலிருந்து கைக்கு, நெஞ்சு வழியாகப் போனால் ஆளையே எடுத்துவிடலாம். ஸ்டாண்ட்பையைத் தொடாமல் பவரை மட்டும் நிறுத்தியிருந்தால், இன்னும் சூடாக இருக்கும் வால்வுகளே அந்தச் சார்ஜைச் சில விநாடிகளில் குடித்துத் தீர்த்திருக்கும்.

தொட்டிக்கு முன்னால் சுவிட்ச் இருக்கும் ஆம்ப்பில் அதே சடங்கு சார்ஜை வடித்துவிடும். வெளியே ஒரே சுவிட்ச், ஒரே எழுத்து. உள்ளே விளைவு நேரெதிர். மூடியைக் கழற்றாமல் எது என்று தெரியாது. கழற்றினால்தான் ஆபத்து. ஒரு வடிவமைப்பைப் பற்றி இதைவிட மோசமாக என்ன சொல்ல முடியும்?

எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் உள்ளவற்றையும் பேச வேண்டும். முதலாவது, கேத்தோடு ஃபாலோயர். பாஸ்மேன், மார்ஷல் வகை ஆம்ப்களில் டோன் கண்ட்ரோல்களுக்கு முன் ஒரு வால்வின் கிரிட், முந்தைய வால்வின் பிளேட்டோடு நேரடியாக இணைந்திருக்கும். எல்லாம் ஆறியிருக்கும்போது உயர் வோல்டேஜ் வந்தால் அந்தக் கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் முழு வோல்டேஜும் நிற்கும், அங்கே பொறி அடிக்கலாம். உண்மை. அதற்கு மருந்து, கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் ஒரு சின்ன நியான் விளக்கு. டீ செலவுக்கு வரும் பாகம். அதற்காக முழு ஆம்ப்பின் உயர் வோல்டேஜையும் வாசிக்கிறவன் கையில் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, இடைவேளையில் சத்தம் வரக்கூடாது. இதுவும் உண்மையான தேவை, ஸ்டாண்ட்பை நேர்மையாகச் செய்யும் ஒரே வேலையும் இதுதான். ஆனால் சத்தத்தை நிறுத்த 450 வோல்ட்டை வெட்டுவானேன்? ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சிக்னல் ஓடும் இடத்தில் மியூட் சுவிட்ச் வைத்தால் போதும். அதுகூட இல்லாவிட்டால் வால்யூம் குமிழ் இருக்கிறது, ட்யூனர் பெடல் இருக்கிறது.

மூன்றாவது, "எல்லாப் பெரிய கம்பெனியும் வெச்சிருக்கானே, அவனுக்குத் தெரியாதா?" தெரியும். நீங்கள் எதிர்பார்ப்பீர்கள் என்றும் தெரியும். சந்தை ஒரு சடங்குக்குக் காசு கொடுக்கும்போது எந்தக் கம்பெனி பூனையை அவிழ்த்து விடும்?

ஆம்ப் கட்டுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் கெப்பாசிட்டர் பாரமில்லாத உச்சத்தைத் தாங்க வேண்டும். போதாவிட்டால் 350 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டைத் தொடராக வைத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள். ஃபெண்டரே ட்வின் ரிவெர்பில் செய்த வேலைதான் இது. இரண்டுக்கும் வோல்டேஜ் சமமாகப் பிரியும், நிறுத்திய பிறகு சார்ஜும் வடியும். ரெக்டிஃபையர் வால்வு இருந்தால் அதன் ஒவ்வொரு பிளேட்டுக்கும் தொடராக ஒரு 1என்4007 டயோடு வையுங்கள், வால்வு ஷார்ட் ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும். இத்தனையும் சேர்த்து ஒரு நல்ல டாகிள் சுவிட்ச்சின் விலைகூட ஆகாது. பிறகு முகப்பில் ஒரே ஒரு சுவிட்ச்: பவர்.

ஏற்கெனவே ஸ்டாண்ட்பை உள்ள ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு: அதை வாசிக்கும் நிலையிலேயே விட்டுவிடுங்கள். பவர் சுவிட்ச்சால் மட்டும் போடுங்கள், பவர் சுவிட்ச்சால் மட்டும் நிறுத்துங்கள். உங்கள் ஆம்ப்பில் கேத்தோடு ஃபாலோயர் இருந்தால் மெக்கானிக்கிடம் நியான் விளக்கு வைக்கச் சொல்லுங்கள். உள்ளே கை வைப்பது எப்படி என்று தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். தெரிந்தவர்களும், பிளக்கைப் பிடுங்கிய பிறகு ஒவ்வொரு கெப்பாசிட்டரிலும் மீட்டர் வைத்து அளக்காமல் விரல் வைக்க வேண்டாம்.

அடுத்த முறை யாராவது உங்கள் தோளைத் தட்டி, "தம்பி, ஸ்டாண்ட்பை" என்றால், மரியாதையாகவே கேளுங்கள்: "அண்ணே, இந்த ஆம்ப்ல அது கெப்பாசிட்டருக்கு முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கா?" பதில் வந்தால் உட்கார்ந்து பேசுங்கள், அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். வராவிட்டால் பவரைப் போட்டுவிட்டு கிட்டாரை ட்யூன் பண்ண ஆரம்பியுங்கள். நீங்கள் ஆறாவது கம்பிக்கு வருவதற்குள் வால்வுகள் தாமாகவே சூடாகியிருக்கும்.